சீனியருக்கு இல்லாத மறுதேர்வு எனக்கு மட்டும் ஏன்?

வணக்கம் டாக்டர். அமெரிக்காவில் 1988இல் தேறிய சீனியரின் சிறப்பு மருத்துவர் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும், 2016இல் தேறிய உங்களிடம் மட்டும் மருத்துவமனை புதுப்பிப்பு கேட்கிறது என்கிறீர்கள். எரிச்சல் நியாயம்தான். இந்தச் சான்றிதழைத் தரும் அமெரிக்க இன்டர்னல் மெடிசின் (பெரியவர்களுக்கான பொது மருத்துவம்) போர்டு பத்தாண்டுக் கெடுவை 1990இலிருந்துதான் வைத்தது. பழையவர்களுக்குக் கொடுத்த வாக்கை மாற்றவில்லை. நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் இது தலைகீழ். படித்து முப்பது வருடம் தாண்டியவரைத்தானே முதலில் சோதிக்க வேண்டும்?

2014இல் விதிகளை இறுக்கியபோது எதிர்ப்பு கிளம்பி, 2015 பிப்ரவரியில் போர்டே மன்னிப்புக் கேட்டது. ஆனால் 1990க்கு முன், பின் என்று பிரிக்கும் கோடு அழியவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எழுதும் தேர்வு வேண்டாமென்றால், 2022இல் வந்த காலாண்டு முறையில் சேருங்கள். மூன்று மாதத்துக்கு 30 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடம். புத்தகம் பார்க்கலாம், பக்கத்து ஆளைக் கேட்கக் கூடாது (நம் காலேஜ் பழக்கத்துக்குக் கொஞ்சம் கஷ்டம்!). ஐந்து வருடத்தில் வரும் 600 கேள்விகளில் 100 வரை திறக்காமலே விடலாம்.

இதற்குப் பதிலாகச் சான்றிதழ் தரும், 2015இல் தொடங்கிய மாற்று போர்டுக்குத் தாவும் எண்ணமிருந்தால், பணம் கட்டும் முன் உங்கள் மருத்துவமனையின் பைலாவையும் (உள்விதிகள்) இன்சூரன்ஸ் ஒப்பந்தங்களையும் பாருங்கள். எல்லா இடமும் அதை ஏற்பதில்லை.