கடல் மைல், அடி, நாட்: அறிக்கை யாருக்கு?

கேள்வி: ஐயா, ராணுவமும் ஆகாயப் படையும் பொதுமக்களுக்கு விடும் அறிக்கைகளில் கிலோமீட்டர்தான் இருக்க வேண்டும் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். எங்கள் தோட்டத்தில் இன்னும் ஏக்கர், கட்டை (மைல்) என்றுதான் பேசுகிறோம். அமெரிக்காவே மைலை விடவில்லை. விமானம் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்துவிட்டதா?
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஓட்டுகிறவர்களுக்கு எல்லாம் தெரியும். படிக்கிற நமக்குத்தான் தெரியவில்லை. அறிக்கையை அவர்களுக்குள் படித்துக்கொள்ளவா வெளியிடுகிறார்கள்?

2021 மே 31-ஆம் தேதி சீன ராணுவ விமானங்கள் 16, சரவாக் பக்கம் வந்தனவே, ஞாபகம் இருக்கிறதா? மறுநாள் நம் மலேசிய ஆகாயப் படை விவரம் சொன்னது. கரைக்கு 60 கடல் மைல் வரை நெருங்கின, உயரம் 23,000 முதல் 27,000 அடி, வேகம் 290 நாட், அதாவது மணிக்கு 290 கடல் மைல். மூன்றுமே நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்காத அளவுகள். 111 கிலோமீட்டர், 7 முதல் 8 கிலோமீட்டர் உயரம், மணிக்கு 537 கிலோமீட்டர் என்று போட்டிருந்தால் காப்பிக்கடை மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரு கணக்கு கிடைத்திருக்கும். அதோடு, நம் கடல் எல்லை கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது 22 கிலோமீட்டர்தான், மீன், எண்ணெய் வளங்களுக்கு மட்டும் நமக்கு உரிமையுள்ள பொருளாதார மண்டலம் 200 கடல் மைல், 370 கிலோமீட்டர் வரை போகிறது என்ற விஷயத்தையும் அதே அளவில் சொல்லியிருந்தால், வந்தவன் வாசலுக்குள் நுழைந்தானா, வேலிக்கு வெளியே சுற்றினானா என்று அவரவரே பார்த்துக்கொள்ளலாம். வேடிக்கை என்னவென்றால், சீன வான்வெளியில் விமானத்தின் உயரத்தை மீட்டரில்தான் சொல்கிறார்கள்.

இதைவிடக் கசப்பானது 2014. எம்எச் 370 பயணிகள் விமானம் காணாமல் போய் நாலு நாள் கழித்து, மார்ச் 12-ஆம் தேதி, ராடாரில் தெரிந்த ஒரு புள்ளி பினாங்குக்கு வடமேற்கே 200 மைல் தூரத்தில் மறைந்தது என்றார் ஆகாயப் படைத் தளபதி. எந்த மைல்? தரை மைல் என்றால் 322 கிலோமீட்டர். கடல் மைல் என்றால் 370. இடையில் 48 கிலோமீட்டர், சுங்கை சிப்புட்டிலிருந்து கிளம்பினால் ஈப்போவைத் தாண்டிவிடும். பிள்ளையை, புருஷனைத் தொலைத்துவிட்டு ஹோட்டல் மண்டபத்தில் காத்திருந்தவர்களுக்கு இதையும் யோசித்துக்கொண்டிருக்கச் சொல்வது நியாயமா?

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே சாலைப் பலகையில் மைல் இருப்பது உண்மைதான். ஆனால் அவர்கள் ராணுவத்தின் வரைபடத்தைப் பாருங்கள், கட்டங்கள் எல்லாம் கிலோமீட்டர் கணக்கு. பீரங்கி 155 மில்லிமீட்டர், துப்பாக்கித் தோட்டா 5.56 மில்லிமீட்டர். முதல் உலகப் போரில் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து சண்டை போடப் போனபோதே பழகிக்கொண்டார்கள், பக்கத்தில் நிற்கிறவன் ஒரு அளவிலும் தான் ஒரு அளவிலும் இலக்கின் தூரத்தைச் சொன்னால் குண்டு யார் தலையில் விழும் என்று அவர்களுக்குத் தெரியும்.

நம் ஊர்க் கதையும் அதுதான். 1948 ஜூன் 16-ஆம் தேதி இங்கே சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டு, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்ததே, அப்போது வெள்ளைக்காரச் சிப்பாய் காட்டுக்குள் கொண்டு போனது ஒரு மைலை ஒரு அங்குலமாகச் சுருக்கிய வரைபடம், கூட இழுத்து வந்தது 25 பவுண்டு குண்டு போடும் பீரங்கி. இன்றைக்கு நம் ராணுவ வரைபடத்தில் 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர், பீரங்கி 105 மில்லிமீட்டர். தரையில் மாறத் தெரிந்தவர்களுக்கு மேடையில் மைக்கைப் பிடித்ததும் என்ன வந்தது?

பைலட்டும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் அடியிலேயே பேசிக்கொள்ளட்டும், உலகில் பெரும்பாலான இடங்களில் அப்படித்தான், அதில் கை வைப்பது ஆபத்து. நான் கேட்பது, மக்களுக்கு வரும் காகிதத்தில் கிலோமீட்டர் முதலில் வரட்டும், வேண்டுமானால் அடைப்புக்குறிக்குள் கடல் மைலைப் போடட்டும் என்பதுதான். கிலோ, மீட்டர் முறைக்கு மாற 1972-லேயே எடை அளவுச் சட்டம் போட்டாகிவிட்டது. நீங்களும் செம்பனைக் குலையை டன் கணக்கில் நிறுத்துத்தான் காசு வாங்குகிறீர்கள், மோட்டாருக்கு லிட்டர் கணக்கில்தான் எண்ணெய் ஊற்றுகிறீர்கள். கட்டையும் ஏக்கரும் வாய்ப்பேச்சுக்கு இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கு நஷ்டம்?

அப்புறம் ஒன்று, மீட்டரில் சொல்லிவிட்டால் மட்டும் போதாது. வடிகால் நீர்ப்பாசன இலாகா ஆற்று நீர்மட்டத்தை மீட்டரில்தான் போடுகிறது. ஆனால் அது கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரம். 30 மீட்டர் என்று பார்த்தால் ஆற்றின் ஆழம் என்று நினைத்துப் பதறுகிறவரும் உண்டு, பொய் என்று தூக்கிப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவரும் உண்டு. அபாய அளவுக்கு இன்னும் எத்தனை சென்டிமீட்டர் பாக்கி என்று சொன்னால், ஆற்றோரத்து வீட்டுக்காரர் தொலைக்காட்சிப் பெட்டியை மேலே தூக்கி வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்வார்.