சொந்தமாக சப்-ஊஃபர் பெட்டி அடிக்க எந்த ஊஃபர் வாங்கலாம்? பெட்டி என்ன அளவில் இருக்க வேண்டும்?

கேள்வி: 12 இன்ச் ஊஃபர் ஒன்று வாங்கி, வீட்டு ஹாலுக்கு நானே சப்-ஊஃபர் பெட்டி அடிக்கலாம் என்று இருக்கிறேன். எத்தனை வாட்ஸ் ஊஃபர் எடுக்க வேண்டும்? பெட்டிக்கு ஒரு நல்ல அளவு சொல்ல முடியுமா?

பதில்:

நீங்கள் கேட்ட இதே இரண்டு கேள்விகளோடுதான் பல வருடங்களுக்கு முன் நானும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். ஸ்டிக்கரில் 800 வாட்ஸ் என்று போட்டிருந்த ஒரு 12 இன்ச் ஊஃபரைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். தூக்கிப் பார்த்தேன், மேக்னட் கனத்தில் கை இறங்கியது. அது போதும் என்று வாங்கிவிட்டேன். பெட்டிக்கு, நண்பர் வீட்டில் அருமையாக ஒலித்துக்கொண்டிருந்த போர்ட் (காற்று போய்வரும் குழாய்) வைத்த பெட்டியை டேப் பிடித்து அளந்து, அந்த அளவை அப்படியே கார்பென்டர் அண்ணனிடம் கொடுத்தேன். 60 லிட்டர் பெட்டி. மூட்டுக்கு மூட்டு அத்தனை சுத்தமான வேலை.

பாட்டைப் போட்டால் எல்லாப் பாட்டிலும் ஒரே 'தும்'. பேஸ் கிட்டார் மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் பெட்டி மட்டும் ஒரே சுருதியில் நின்றது. பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, பாட்டில் இருந்த பேஸ் வரவில்லை. ரொம்ப நாள் ஆம்ப்ளிஃபயரைச் சந்தேகப்பட்டேன், ஃபில்டர் போர்டை மாற்றினேன். கடைசியில் ஊஃபரையே அளந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நண்பரின் பெட்டி நண்பரின் ஊஃபருக்கு அடித்தது. என் ஊஃபர் வேறு குணம் கொண்டது. போர்ட் பெட்டிக்கு அது ஆகாது. பழைய துண்டு ஒன்றைச் சுருட்டி போர்ட்டுக்குள் இறுக்கி அடைத்தேன். அந்த நிமிடமே பாதிக்கு மேல் சரியாகிவிட்டது.

அதனால் "நல்ல அளவு" என்று பொதுவாக ஒன்று கிடையாது. இந்த ஊஃபருக்கு இந்தப் பெட்டி என்றுதான் உண்டு. கோனை, அதாவது ஊஃபரில் முன்னும் பின்னும் ஆடும் கூம்பைப் பிடித்திருக்கும் ஓரத்து ரப்பரும் உள்ளே இருக்கும் ஸ்பைடர் என்ற மடிப்புத் துணியும் சேர்ந்து ஒரு ஸ்பிரிங். பெட்டிக்குள் அடைபட்ட காற்று இன்னொரு ஸ்பிரிங். பெட்டி சின்னதாக ஆக, காற்று ஸ்பிரிங் விறைப்பாகிறது. இரண்டும் சேர்ந்து கோனின் எடையை எப்படி ஆட்டுகின்றன, மேக்னட் அந்த ஆட்டத்தை எவ்வளவு அடக்கிப் பிடிக்கிறது என்பதுதான் மொத்த விஷயமும். இதைக் கணக்காக்கிக் கொடுத்தவர்கள் ஆஸ்திரேலியாவில் வேலை செய்த நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் என்ற இரண்டு பொறியாளர்கள். தீல் 1961-இல் எழுதிய கட்டுரை பத்து வருடம் கழித்து அமெரிக்க ஆடியோ இதழில் மறுபடி வந்த பிறகுதான் உலகம் கவனித்தது. ஸ்மால் அதை 1970-களின் தொடக்கத்தில் விரிவாக்கினார். அதற்கு முன் பெட்டி அடிப்பது பெரும்பாலும் அனுபவமும் ஊகமும்தான். இன்று ஊஃபரோடு வரும் தாளில் 'தீல்-ஸ்மால்' என்று போட்டு ஒரு பட்டியல் இருந்தால், அது அவர்கள் இருவரும் கொடுத்தது.

அந்தப் பட்டியலில் முதலில் மூன்று எண்களைப் பாருங்கள். எஃப்.எஸ். என்பது பெட்டி இல்லாமல் வெறும் ஊஃபர் தானாக ஆட விரும்பும் ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு எத்தனை ஆட்டம். வீட்டு சப்-ஊஃபருக்கு இது 20-லிருந்து 35-க்குள் இருந்தால் நல்லது. க்யூ.டி.எஸ். என்பது ஆட்டத்தை எவ்வளவு அடக்கிப் பிடிக்கிறது என்ற கணக்கு. எண் சின்னதாக இருந்தால் பிடி இறுக்கம். வி.ஏ.எஸ். என்பது ஊஃபரின் ஸ்பிரிங்குக்குச் சமமான விறைப்புள்ள காற்று எத்தனை லிட்டர் என்பது. க்யூ.டி.எஸ். 0.3, 0.4 பக்கம் இருந்தால் போர்ட் பெட்டிக்கு ஒத்துவரும். 0.4-க்கு மேல் 0.6 வரை மூடிய பெட்டிக்கு. அதையும் தாண்டினால் வீட்டுக்கு வேண்டாம் என்பேன். நான் ஏமாந்த ஊஃபருக்கு எஃப்.எஸ். 46, க்யூ.டி.எஸ். 0.62. அதைக் கொண்டுபோய் போர்ட் பெட்டியில் மாட்டினால் 50 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மலை எழும்பத்தான் செய்யும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எஃப்.எஸ். 28, க்யூ.டி.எஸ். 0.40, வி.ஏ.எஸ். 90 லிட்டர் உள்ள ஒரு 12 இன்ச் ஊஃபர் என்று வையுங்கள். மூடிய பெட்டியில் மாட்டிய பிறகு மொத்தப் பிடியின் எண் 0.707 ஆக இருந்தால் பேஸ் எங்கேயும் மேடு தட்டாமல் சீராக இறங்கும். 0.707-ஐ 0.40-ஆல் வகுத்தால் 1.77. அதை அதாலேயே பெருக்கினால் 3.12. ஒன்றைக் கழித்தால் 2.12. வி.ஏ.எஸ். 90-ஐ இந்த 2.12-ஆல் வகுத்தால் 42 லிட்டர். அவ்வளவுதான் பெட்டி. பெட்டிக்குள் போன பிறகு ஊஃபரின் ஹெர்ட்ஸ் 28-லிருந்து அதே 1.77 மடங்கு ஏறி 50-க்கு வரும். அதற்குக் கீழே சத்தம் குறையும், ஆனால் மெதுவாகக் குறையும். நம் வீட்டு அறைகளில் சுவர்கள் கீழ் ஹெர்ட்ஸைத் தூக்கிக் கொடுப்பதால் கேட்கும்போது இன்னும் ஆழமாகவே இருக்கும்.

42 லிட்டர் என்பது உள்ளே இருக்கும் காற்று. ஊஃபரின் மேக்னட்டும் கூடையும் இரண்டு மூன்று லிட்டரைப் பிடித்துக்கொள்ளும், உள்ளே வைக்கும் குறுக்குச் சட்டம் ஒன்றிரண்டு லிட்டர். அதனால் உள்ளளவு 36 செ.மீ. கனசதுரமாக, அதாவது 46.7 லிட்டர் வருகிற மாதிரி அடித்தால் சரியாக வந்து நிற்கும். 18 எம்எம் பலகையில் வெளியளவு 39.6 செ.மீ.

இதே ஊஃபரை போர்ட் வைத்து 80 லிட்டர் பெட்டியில் 28 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் பண்ணலாம். கடையில் 4 இன்ச் என்று கொடுக்கிற 110 எம்எம் பிவிசி பைப்பின் உள்விட்டம் ஏறக்குறைய 10.4 செ.மீ. கணக்குப்படி அதன் நீளம் 33 செ.மீ. வரும். கீழே நல்ல பலம் கிடைக்கும். ஆனால் சத்தம் ஏற்றும்போது அத்தனை காற்றும் 4 இன்ச் பைப் வழியாகப் போய்வர வேண்டும், 'ஃபுஸ் ஃபுஸ்' என்று ஊதும். ஊதக் கூடாது என்று 6 இன்ச் பைப்புக்குப் போனால் அதே ட்யூனிங்குக்கு நீளம் 75 செ.மீ. ஆகிவிடும், எல்போ போட்டு உள்ளே மடக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. ட்யூன் பண்ணிய ஹெர்ட்ஸுக்குக் கீழே போர்ட் பெட்டியில் கோனுக்குக் காற்றின் பிடி இருக்காது, வெறுமனே முன்னும் பின்னும் அடித்துக்கொள்ளும். மிகக் கீழ் ஹெர்ட்ஸை வெட்டும் சப்சானிக் ஃபில்டர் இல்லாமல் படம் பார்த்தால் ஒரு வெடிச் சத்தத்தில் கோனை ஆட்டும் கம்பிச் சுருளான காயில் (coil) அடி வாங்கிவிடும். முதல் பெட்டி அடிக்கிறவர்களுக்கு நான் மூடிய பெட்டியையே சொல்வேன். கணக்கில் பத்து சதவீதம் தப்பினாலும் அது மன்னித்துவிடும். போர்ட் பெட்டி மன்னிக்காது.

வாட்ஸுக்கு வருகிறேன். ஸ்டிக்கரில் இருக்கும் எண், காயில் கருகாமல் எவ்வளவு சூடு தாங்கும் என்பதைத்தான் அதிகபட்சம் சொல்லும், பல ஊஃபர்களில் அதுகூட இல்லை. கீழ் பேஸுக்குத் தேவை கோன் எவ்வளவு தூரம் ஒழுங்காகப் போய்வரும் என்பது. தாளில் அதை எக்ஸ்மேக்ஸ் என்று போட்டிருப்பார்கள். மூடிய பெட்டியில் 60 ஹெர்ட்ஸில் ஒரு சத்தத்துக்குக் கோன் 2 எம்எம் ஆடினால் போதும் என்றால், அதே சத்தம் 30 ஹெர்ட்ஸில் வர 8 எம்எம் ஆட வேண்டும். ஹெர்ட்ஸ் பாதியானால் ஆட்டம் நான்கு மடங்கு. மேடைக்குப் போடுகிற பிஏ ஊஃபர்கள் கல்யாண மண்டபத்தை நிரப்பும், ஆனால் அவற்றில் பலவற்றுக்கு எஃப்.எஸ். 40-க்கு மேல், எக்ஸ்மேக்ஸ் நாலைந்து எம்எம்தான். அவை மோசம் என்று சொல்லவில்லை, அந்த வேலைக்காகப் பிறந்தவை. உங்கள் ஹாலுக்கு எக்ஸ்மேக்ஸ் 8 எம்எம்முக்குக் குறையாமல் எடுங்கள். 12-க்கு 10 அடி அறைக்கு, மூடிய பெட்டியில் உண்மையான 100 வாட்ஸ் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து 100 வாட்ஸ், தருகிற ஆம்ப்ளிஃபயர் தாராளம். 5200-1943 டிரான்சிஸ்டர் ஜோடி வைத்த ஆம்ப்ளிஃபயர் போர்டு ஒன்று போதும். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். அந்தப் பணத்தை நல்ல ஊஃபரில் போடுங்கள்.

சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்ஸில் அதிகச் சத்தம் இந்த மூன்றையும் ஒன்றாகக் கேட்காதீர்கள். இரண்டுதான் கிடைக்கும். ஹாஃப்மன் என்பவர் பெயரால் 'இரும்பு விதி' என்று இதைச் சொல்வார்கள்.

கடையில் கிடைக்கும் ஊஃபருக்குத் தாளே இல்லையே என்று கேட்பீர்கள். எனக்கும் அதுதான் நடந்தது. தாள் இல்லாவிட்டால் அளந்துவிடலாம். ஊஃபரைப் பெட்டி இல்லாமல் பிடித்துக்கொண்டு, ஆம்ப்ளிஃபயருக்கும் அதற்கும் நடுவில் ஒரு ரெசிஸ்டர் தொடராகப் போட்டு, மொபைலில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றில் 15 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள். ஊஃபர் டெர்மினலில் வோல்டேஜ் எங்கே உச்சிக்குப் போகிறதோ அதுதான் எஃப்.எஸ். பிறகு களிமண்ணை நகைக்கடைத் தராசில் நிறுத்து, கோனின் நடுவில் மூடியைச் சுற்றி ஒட்டி மறுபடி அளந்தால் உச்சி கீழே இறங்கியிருக்கும். உதாரணத்துக்கு 40 கிராம் ஒட்டியதும் 32 ஹெர்ட்ஸ் 26-க்கு இறங்கினால், ஆடும் பாகத்தின் எடை ஏறக்குறைய 78 கிராம். அதிலிருந்து வி.ஏ.எஸ். கணக்கிடலாம், உச்சியின் அகலத்திலிருந்து க்யூ.டி.எஸ். எடுக்கலாம். கணினியில் ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருள் இதையெல்லாம் தானே வரைந்து கொடுக்கும். பெட்டியின் கணக்குக்கு வின்ஐஎஸ்டி, அதுவும் இலவசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். நான் முதல் ஊஃபரைப் பெட்டிக்கு முன்பே இப்படி அளந்திருந்தால் ஒரு பலகையும் வீணாகியிருக்காது.

மர வேலையில் அதிகம் சொல்ல இல்லை. 18 எம்எம் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அல்லது நல்ல ப்ளைவுட். எம்டிஎஃப் தண்ணீர் பட்டால் ஊதிவிடும், மழைக்காலத்தில் சுவர் ஈரம் ஏறும் வீடென்றால் ப்ளைவுட்டே எடுங்கள். எதிரெதிர்ப் பலகைகளை இணைத்து நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் கட்டாயம். மூட்டுகளில் ஃபெவிகால் தாராளமாக, உள்ளே ஓரமெல்லாம் சிலிக்கான். வயர் டெர்மினல் துளையைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அங்கேதான் காற்று கசியும். 30 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை மெதுவாகப் போட்டுவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, மூட்டுகளின் ஓரமாக ஒரு ஊதுபத்தியைக் கொண்டுபோங்கள். கசிகிற இடத்தில் புகை துள்ளும். மூடிய பெட்டிக்குள் தலையணைக்குப் போடுகிற ரெக்ரான் பஞ்சைப் பாதிக்கு மேல் தளர்வாகப் போட்டால் பெட்டி கொஞ்சம் பெரிதானது போல நடந்துகொள்ளும். என் முதல் ஊஃபருக்கு துண்டுக்குப் பிறகு மீதியைச் சரிசெய்தது இந்தப் பஞ்சுதான்.

கடைசியாக அறை. செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் கீழ் ஹெர்ட்ஸை வெளியே விடாது, திருப்பி அடிக்கும். 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸும் 10 அடி அகலத்தில் 56 ஹெர்ட்ஸும் தங்கி நிற்கும். எவ்வளவு நல்ல பெட்டியும் தவறான இடத்தில் இரைச்சலாகத்தான் கேட்கும். பெட்டியைத் தூக்கி நீங்கள் வழக்கமாக உட்காரும் சோபாவில் வையுங்கள். பேஸ் கிட்டார் தெளிவாக உள்ள ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தரையில் தவழ்ந்து வாருங்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, ஒரே அளவில் காதில் விழுகிறதோ அங்கே பெட்டியை வைத்துவிட்டு நீங்கள் சோபாவுக்குத் திரும்பலாம். எங்கள் ஹாலில் எல்லோரும் சொல்கிற மூலை ஒத்துவரவில்லை. நீளச் சுவரில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தபோதுதான் பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி, அந்த 41 ஹெர்ட்ஸ், மற்ற கம்பிகளோடு சமமாக வந்தது. பெட்டி இன்றும் அங்கேதான் இருக்கிறது.