ஒரே ஷீட்டில் எட்டுப் பேர், கூட்டத்தில் மட்டும் ஏன் எட்டு எண்?

கேள்வி: எங்கள் குழுவில் எட்டுப் பேர். வாராந்திர விற்பனை அறிக்கையை ஒரே கூகுள் ஷீட்டில் எல்லோரும் சேர்ந்து நிரப்புகிறோம். ஒருவர் ஃபில்டர் போட்டால் மற்றவர்களுக்குப் பாதி வரிசைகள் காணாமல் போகின்றன. யாரோ ஃபார்முலா மேலேயே எண்ணைத் தட்டிவிடுகிறார்கள். கூட்டத்தில் உட்கார்ந்தால் ஆளுக்கொரு மொத்தம் சொல்கிறார்கள். பேசாமல் பழையபடி ஃபைலை மெயிலில் அனுப்பிக்கொள்ளலாமா, இல்லை வேறு மென்பொருள் வாங்கலாமா?

பதில்: மெயிலுக்கு மட்டும் திரும்பிப் போகாதீர்கள். 'இறுதி', 'இறுதி 2', 'இதுதான் இறுதி' என்று ஃபைல்கள் குவியும், இப்போது ஒரு ஷீட்டில் இருக்கும் குழப்பம் எட்டு ஷீட்டுக்குப் பரவும், அவ்வளவுதான் மிச்சம். மென்பொருள் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

ஃபில்டர் பிரச்சினை சின்னது. சாதாரண ஃபில்டர் எல்லோர் திரையையும் மாற்றும், ஃபில்டர் வியூ உங்கள் திரையை மட்டும்தான் மாற்றும். டேட்டா மெனுவிலேயே இருக்கிறது, அதில் வரிசைப்படுத்தினாலும் மற்றவர்கள் பார்ப்பது கலையாது. எக்செல்லில் இதற்குப் பெயர் ஷீட் வியூ. ஆனால் எக்செல்லில் சேர்ந்து வேலை செய்ய ஃபைல் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடங்களான ஒன்டிரைவிலோ ஷேர்பாயிண்டிலோ இருக்க வேண்டும், பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் இருந்தால் நடக்காது.

ஃபார்முலா அழிவதற்குக் காரணம், எண்ணை உள்ளிடும் இடமும் கணக்குப் போடும் இடமும் ஒரே டேப்பில் இருப்பது. பிரித்துவிடுங்கள். ஒரு டேப்பில் உள்ளீடு மட்டும் இருக்கட்டும்: ஒரு விற்பனைக்கு ஒரு வரிசை, தேதி, பகுதி, தொகை, பதிந்தவர் என்று நீளமான ஒரே அட்டவணை. ஆளுக்கொரு டேப் கொடுக்கலாமே என்று தோன்றும், கொடுக்காதீர்கள். ஒருவர் தன் டேப்பில் ஒரு நெடுவரிசையை நகர்த்தினால்கூட மொத்தக் கணக்கு உட்கார்ந்துவிடும். பகுதியின் பெயரைத் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் டிராப்டவுன் வையுங்கள். செல்களை ஒன்றாக இணைப்பதும், 'மஞ்சள் என்றால் பணம் வரவில்லை' என்று நிறத்தில் தகவல் வைப்பதும் வேண்டவே வேண்டாம், நிறத்தை எந்தக் கூட்டல் ஃபார்முலாவும் படிக்காது. கணக்கும் அறிக்கையும் உள்ள டேப்களைப் பூட்டி, இரண்டு பேருக்கு மட்டும் திருத்தும் உரிமை கொடுங்கள். ஒருவர் போதாதா என்றால், அவர் விடுப்பில் போகும் நாளில்தான் ஃபார்முலா உடையும்.

அப்புறம் அந்த ஆளுக்கொரு மொத்தம். கோளாறு பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது, இதைத்தான் யாரும் சரிசெய்வதில்லை. எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் எழுதுவதை ஷீட் பார்த்துக்கொள்ளும், ஒரே செல்லில் இருவர் எழுதினால் கடைசியாக எழுதியது நிற்கும். எந்த நேரத்து எண் அறிக்கையின் எண் என்று மட்டும் அதற்குத் தெரியாது, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒன்பது மணிக்குப் பார்த்தவரும் பத்து மணிக்குப் பார்த்தவரும் வேறு மொத்தம் சொன்னால் இருவருமே சரியாகத்தான் சொல்கிறார்கள்.

இதில் இன்னொரு சிக்கல், 'நேரலை' என்று நாம் நம்புகிற பல விஷயங்கள் நேரலையே இல்லை. வேறொரு ஷீட்டிலிருந்து இம்போர்ட்ரேஞ்ச் என்ற ஃபார்முலா மூலம் இழுக்கும் எண், ஷீட் திறந்திருக்கும்போது மணிக்கொரு முறைதான் மூலத்தில் மாற்றம் உண்டா என்று பார்க்கும். ஷீட்டுடன் இணைத்த லுக்கர் ஸ்டூடியோ (கூகுளின் டாஷ்போர்டு கருவி) அறிக்கை வழக்கமான அமைப்பில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும். ஆக ஒருவர் ஷீட்டையும் இன்னொருவர் டாஷ்போர்டையும் பார்த்துக்கொண்டு சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை.

அதனால் நேரக்கெடு வையுங்கள். உதாரணமாக, கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு பொறுப்பாளர் அறிக்கையை நகலெடுத்து, கண்ட்ரோல்-ஷிஃப்ட்-வி அழுத்தி மதிப்புகளை மட்டும் புதிய டேப்பில் ஒட்டி, தேதியும் மணியும் எழுதிப் பூட்டிவிடட்டும். கூட்டத்தில் அந்த டேப் மட்டும்தான். அதற்குப் பிறகு வரும் திருத்தம் நியாயமானதாகவே இருந்தாலும் அடுத்த வார அறிக்கையில் தனித் திருத்த வரியாகப் போகட்டும். முதல் இரண்டு வாரம் முணுமுணுப்பு இருக்கும், கண்டுகொள்ளாதீர்கள்.

யார் மாற்றியது என்று தேடும்போதும் ஒரு விஷயம். செல்லை வலது கிளிக் செய்தால் அதன் திருத்த வரலாறு வரும், ஆனால் ஃபார்முலாவின் விடை மாறியது அதில் பதிவாகாது, வரிசையை நீக்கியதும் தெரியாமல் போகலாம். மொத்தம் மாறியிருந்தால் மொத்தத்தின் செல்லைக் கிளிக் செய்து பயனில்லை, உள்ளீட்டு டேப்புக்குப் போய், ஃபைலின் பழைய பதிப்புகளைக் காட்டும் வெர்ஷன் ஹிஸ்டரியில் தேடுங்கள். தேடிக் கண்டுபிடித்ததும் பழைய பதிப்பை அப்படியே மீட்கும் பொத்தானை அழுத்திவிடாதீர்கள்! அது மொத்த ஃபைலையும் அந்த நேரத்துக்குக் கொண்டுபோகும், நடுவில் மற்ற ஏழு பேர் செய்த வேலையும் சேர்ந்து போகும். பழைய பதிப்பைத் தனி நகலாக எடுத்து, வேண்டிய வரிசைகளை மட்டும் கொண்டுவந்து ஒட்டுங்கள்.

எண் பற்றிய சந்தேகத்தை அரட்டைக் குழுவில் கேட்காமல் அந்தச் செல்லிலேயே கமென்ட் போட்டு, உரியவருக்கு ஒதுக்கிவிடுவது நல்லது. ஃபைல் அமைப்பில் நாட்டையும் நேர மண்டலத்தையும் ஒருமுறை பாருங்கள், 03/04 என்பது மார்ச் 4-ஆ ஏப்ரல் 3-ஆ என்பதை அந்த அமைப்புதான் முடிவு செய்கிறது.

சரி, மென்பொருள். கூகுள் ஷீட்டில் ஒரே நேரத்தில் 100 பேர் வரை திருத்தலாம், ஒரு கோடி செல்கள் வரை கொள்ளும் (அதற்கு வெகு முன்பே இழுக்க ஆரம்பித்துவிடும் என்பது வேறு), எட்டுப் பேருக்கு இது தாராளம். ஒருவர் பகுதியின் எண்ணை இன்னொருவர் பார்க்கவே கூடாது என்ற தேவை இருந்தால் மட்டும் யோசியுங்கள், ஏனென்றால் மறைத்து வைத்த டேப்பைத் திருத்தும் உரிமை உள்ள எவரும் திறந்துவிடலாம், டேப்பைப் பூட்டுவதும் தவறான கையைத் தடுக்குமே தவிர கண்ணைத் தடுக்காது. அப்படி வாங்கும்போது விற்பவரிடம், திரையில் தெரியும் எண் எவ்வளவு நேரம் பழையது என்று முதலில் கேளுங்கள். மைக்ரோசாஃப்டின் அறிக்கை மென்பொருளான பவர் பிஐயின் ப்ரோ உரிமத்தில், தரவை நகலெடுத்து வைத்துக்கொள்ளும் இம்போர்ட் முறையில் நாளுக்கு 8 முறைதான் நேரம் வைத்துப் புதுப்பிக்க முடியும். வாராந்திர அறிக்கைக்கு அது போதும், மணிக்கு மணி பார்க்க வேண்டிய கணக்குக்குப் போதாது.