பெண்ணையாற்றின் இக்கரையும் அக்கரையும்

கேள்வி: புதுச்சேரிக் கடை ஒன்றிலிருந்து என் மகன் 'ஹெம்ப்' விதை எண்ணெயும் 'சணல் சட்டை' என்று ஒன்றும் வாங்கி வந்தான். கேட்டால், "கஞ்சாச் செடியில் செய்ததுதான் அப்பா. பாண்டியில் பிரச்சினை இல்லை. கஞ்சாவே ஒரு கிலோவுக்குள் இருந்தால் கேஸ் கிடையாது" என்கிறான். கடலூர் எல்லையில் ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் மாட்டினால் என்ன ஆகும்? சித்தர்கள் சொன்ன மூலிகையை ஏன் தடுக்க வேண்டும்?
— ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: எண்ணெய்ப் புட்டியை விடுங்கள். உங்கள் மகன் சொன்ன அந்த ஒரு கிலோ கணக்குதான் எனக்குக் கவலை தருகிறது. பஸ் நிலையத்திலும் கல்லூரி விடுதியிலும் இதையே பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். இது தவறு.

மது விஷயத்தில் அந்தந்த அரசுக்குத் தனிச் சட்டம் உண்டு. அதனால்தான் புதுச்சேரிப் பக்கம் முள்ளோடையில் பில் போட்டு வாங்கிய பாட்டில், பெண்ணையாற்றைத் தாண்டி ஆல்பேட்டைக்கு வந்ததும் குற்றப்பொருளாகிறது. கஞ்சா அப்படி இல்லை. அது நாடாளுமன்றம் 1985இல் இயற்றிய போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் வருகிறது. கடலூர் மஞ்சக்குப்பத்துக்கும் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்கும் அந்த ஒரே சட்டம்தான்.

ஒரு கிலோ என்பது அதில் 'சிறிய அளவு'க்கு வைத்த எல்லை. அதற்குள் இருந்தாலும் ஓராண்டு வரை கடுங்காவல், 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைத் தாண்டினால் 10 ஆண்டு வரை. 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு, அதிகம் 20 ஆண்டு. ஜாமீன் கிடைப்பதும் மிக அரிது. கையில் எதுவும் இல்லாமல் புகைத்தது மட்டும் நிரூபணமானாலும் ஆறு மாதம் வரை சிறை உண்டு. "நண்பன் கொடுத்த பை, உள்ளே என்ன என்று தெரியாது" என்ற பேச்சும் எளிதில் எடுபடாது. பை அவன் வசம் இருந்தது உறுதியானால், தெரிந்தே வைத்திருந்தான் என்றுதான் நீதிமன்றம் முதலில் கொள்ளும். தெரியாது என்பதை அவன்தான் மெய்ப்பிக்க வேண்டும். கேப்பர் மலை மத்திய சிறை வாசலில், மகனைப் பார்க்க வந்து, கையில் பிஸ்கட் பொட்டலத்தோடு வெயிலில் நிற்கும் அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் அங்கே போய் நிற்கக் கூடாது.

இனி அந்த எண்ணெய். 1985 சட்டம் கஞ்சா என்று சொல்வது செடியின் பூக்கும், காய்க்கும் நுனியை. அதோடு சேராத விதையும் இலையும் அந்த விளக்கத்தில் வராது. நாரில் நெய்த சட்டைக்கும் வழக்கு இல்லை. விதை, விதை எண்ணெய், விதை மாவு மூன்றையும் உணவாக விற்க மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் வழிவிட்டது. போதை தரும் டி.எச்.சி. என்ற பொருள் கிலோவுக்கு விதையில் 5 மில்லிகிராம், எண்ணெயில் 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது.

இலைக்கு மட்டும் அந்தந்த அரசின் சட்டத்தையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இலையையும் சிறு தண்டையும்கூடப் போதைப்பொருள் என்கிறது. கஞ்சா இலையை அரைத்து உருட்டிய பாங்கை, 'இலைதானே' என்று பையில் போட்டுக்கொண்டு கடலூருக்குள் நுழைந்தால் வழக்கு காத்திருக்கிறது. விதை முளைக்கிறதா என்று தொட்டியில் போட்டுப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். உரிமம் இல்லாமல் வளர்த்தால் 10 ஆண்டு வரை தண்டனை. உத்தராகண்டில் 2018 முதல் நாருக்காகப் பயிரிட உரிமம் தருகிறார்கள் என்பதை நம் ஊருக்கு அனுமதியாக எடுத்துக்கொள்ள முடியாது.

அந்தச் சட்டைக்குச் 'சணல்' என்று பெயர் வைத்தவர்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது. நம் வயலில் பசுந்தாள் உரத்துக்கு விதைத்து, மஞ்சளாகப் பூத்து நிற்கையில் மடக்கி உழுகிறோமே, அந்தச் சணப்பு பயறு வகைச் செடி. சாக்குப் பை தைக்கும் சணல் வேறு. கஞ்சாவோடு இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெயரைக் குழப்பி விற்றால் விவசாயியும் பயப்படுவான், பிள்ளையும் ஏமாறுவான்.

சித்தர்கள் 'சிவமூலி' என்றார்கள், உண்மைதான். ஆனால் சித்த மருத்துவமே கஞ்சாவை நச்சு நீக்கிச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்ப்பதில்லை. மருந்து விதிகளின் இ-1 பட்டியலில் எட்டி, ஊமத்தையோடு கஞ்சாவும் நச்சுப் பொருளாக இருக்கிறது. அது சேர்ந்த மருந்தை மருத்துவர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்று மருந்தின் மேல் ஒட்டும் சீட்டிலேயே அச்சிட வேண்டும். விடுதி அறையில் பீடிக்குள் திணித்துப் புகைப்பதற்குச் சித்தர்களைச் சாட்சிக்கு இழுப்பது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

மகன் ஏற்கெனவே புகைக்கத் தொடங்கியிருந்தால் மறைக்காதீர்கள். அடிமையானவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்ற மையத்திலோ சிகிச்சையை முடித்தால், சிறிய அளவு வழக்கிலிருந்தும் புகைத்த வழக்கிலிருந்தும் அவருக்கு அந்த 1985 சட்டத்தின் 64-ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது.

இன்றிரவு அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்தப் புட்டியைத் திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள். உணவு உரிம எண் இருக்கிறதா? விதையிலிருந்து எடுத்தது என்று எழுதியிருக்கிறதா? உணவுப் பொருள் என்றால் உறையில் கஞ்சா இலைப் படமே போடக் கூடாது. போட்டிருந்தால் புட்டியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.