நம்பாதவரிடம் கேளுங்கள்

கடவுள் நம்பிக்கை இல்லாமல் இருப்பது பற்றி எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன், கேள்விகள் கொட்டிவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். வெறும் திட்டு மட்டும் அனுப்பியவர்களுக்கு வணக்கம், அதற்குப் பதில் கிடையாது. தத்துவம் படித்தவன், பல வருடங்களாக நம்பிக்கை இல்லாமல் வாழ்கிறவன், இவ்வளவுதான் என் தகுதி. எல்லா நாத்திகர்களுக்கும் சேர்த்துப் பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: சார், கடவுள் இல்லை என்று உங்களால் நிரூபிக்க முடியுமா? முடியாது என்றால் உங்களுடையதும் ஒரு நம்பிக்கைதானே?

எந்தக் கடவுள் என்று முதலில் சொல்லுங்கள். உலகத்தைத் தொடங்கிவைத்துவிட்டு அதன்பின் எதிலும் தலையிடாமல் ஒதுங்கிக்கொண்ட ஒரு சக்தி என்றால், அது இல்லை என்று நிரூபிக்க என்னால் முடியாது, யாராலும் முடியாது, ஏனென்றால் அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாம் பார்க்கிற உலகம் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் எல்லாம் வல்லவர், எல்லாம் அறிந்தவர், எல்லையில்லாத அன்புள்ளவர் என்று ஒருவரைச் சொன்னால் அப்போது கேட்க நிறைய இருக்கிறது. பிறந்த சில நாளில் வலியோடு சாகிற குழந்தையை அவர் அறிவார், தடுக்க அவரால் முடியும், தடுக்க விருப்பமும் உண்டு, ஆனாலும் அது நடக்கிறது. இதற்குப் பல மதங்களும் பல பதில்கள் வைத்திருக்கின்றன, படித்திருக்கிறேன், ஒன்றும் எனக்கு ஒத்துவரவில்லை.

ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1952ல் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு தேநீர்க் கெண்டி வரும். பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே, எந்தத் தொலைநோக்கிக்கும் தெரியாத அளவு சிறிய ஒரு கெண்டி சூரியனைச் சுற்றுகிறது என்று நான் சொன்னால், இல்லை என்று நீங்கள் நிரூபிக்க முடியாததாலேயே அது உண்மையாகிவிடாது என்பது அவர் வாதம். நிரூபிக்கும் பொறுப்பு யாருக்கு என்பதைக் காட்ட இது போதும். மனதை மாற்ற உதவாது, அதையும் சொல்லிவிடுகிறேன். கெண்டியிடம் யாரும் அழுததில்லை. கடவுளிடம் அழுதிருக்கிறார்கள். இந்த வித்தியாசம் புரியாமல் பேசுகிற நாத்திகர்கள்தான் விவாதத்தில் ஜெயித்துவிட்டு ஆளைத் தோற்கிறார்கள்.

கேள்வி: நான் அக்னாஸ்டிக், அதாவது கடவுள் உண்டா இல்லையா என்று தெரியாது என்பவன். அது நாத்திகத்தைவிட நேர்மையான நிலை இல்லையா?

இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள். கடவுள் உண்டா என்று தெரியுமா என்பது ஒன்று, உண்டு என்று நம்புகிறாயா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு நானும் உங்களைப் போல ‘உறுதியாகத் தெரியாது’ என்பேன். இரண்டாவதற்கு ‘இல்லை’ என்பேன். நீங்கள் என்ன சொல்வீர்கள்? யோசித்துப் பாருங்கள், அவசரமில்லை. டார்வின் 1879ல் ஒரு கடிதத்தில் தன்னை அக்னாஸ்டிக் என்று சொல்வதே சரியாக இருக்கும் என்று எழுதினார், அவரே அந்த இடத்துக்கு வந்துசேரப் பல பத்தாண்டுகள் ஆனது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். மதமில்லை என்று சொல்கிறவர்கள் எல்லாரும் கடவுள் இல்லை என்று சொல்கிறவர்கள் கிடையாது. 2023ல் அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் எடுத்த கணக்கில் பெரியவர்களில் 28 சதவீதம் பேர் மதம் சாராதவர்கள். அந்த 28க்குள் தன்னை நாத்திகர் என்றவர்கள் 17 சதவீதம், அக்னாஸ்டிக் என்றவர்கள் 20, மீதி 63 சதவீதம் பேர் ‘குறிப்பாக ஒன்றுமில்லை’ என்றுதான் சொன்னார்கள். பெரும்பாலானவர்கள் சண்டை போட்டு வெளியே வரவில்லை, மெல்ல விலகிப் போயிருக்கிறார்கள்.

கேள்வி: என் நண்பன் நாத்திகன், ஆனால் ஜோசியம் பார்க்கிறான். இது எப்படி?

தாராளமாக முடியும். கடவுளை நம்பாதது ஒரே ஒரு விஷயத்தில் ‘இல்லை’ என்பது. அதனால் புத்தி தானாகத் தெளிந்துவிடாது. பேய்க்குப் பயப்படும் நாத்திகரை நான் பார்த்திருக்கிறேன், எதையும் கேள்வி கேட்காமல் ஏற்காத பக்தரையும் பார்த்திருக்கிறேன், இரண்டாமவரிடம் பேசுவது சுகம்.

கேள்வி: இந்த நாத்திகம் எல்லாம் மேற்கிலிருந்து வந்த சரக்குதானே ஐயா?

இந்தக் கேள்வி நிறைய பேரிடமிருந்து வந்திருக்கிறது. இல்லை. மணிமேகலையில் சமயக் கணக்கர் ஒவ்வொருவராகத் தங்கள் கொள்கையைச் சொல்லும் காதை இருக்கிறதே, அதில் பூதவாதி வருகிறார், நிலம், நீர் போன்ற பூதங்களைத் தவிர வேறொன்றும் இல்லை என்பவர். பூவையும் வெல்லக்கட்டியையும் சேர்த்தால் கள்ளின் களிப்பு உண்டாவது போலப் பூதங்கள் கூடும்போது உணர்வு உண்டாகிறது, அவை பிரிந்தால் அதுவும் போய்விடும், கண்ணால் காண்பது மட்டுமே அறிவு என்கிறார். மறுபிறவி கிடையாது, வினைப்பயன் கிடையாது, இன்பமும் துன்பமும் இந்தப் பிறப்போடு சரி. அவருக்கு மணிமேகலை கொடுக்கும் பதிலடி எனக்கு ரொம்பப் பிடிக்கும்: கண்ணால் கண்டதை மட்டும்தான் ஏற்பேன் என்றால் உன் தாய் தந்தை யார் என்று எப்படி அறிந்தாய், அனுமானத்தால்தானே? நாத்திகர்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதைவிடக் கூர்மையானது குறைவு. அந்தக் கேள்வியில் அவள் பக்கம்தான் நியாயம். இன்றைக்குக் கடவுள் இல்லை என்பவர்கள் அனுமானத்தை ஒதுக்குவதில்லை, அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதில்தான் வேறுபடுகிறார்கள்.

இப்படிக் கடவுளையும் மறுபிறவியையும் மறுத்த பழைய இந்தியச் சிந்தனையாளர்களான சார்வாகர்களின் சொந்த நூல்கள் பெரும்பாலும் மிஞ்சவில்லை, எதிரிகள் எழுதிவைத்த சுருக்கம்தான் நமக்குக் கிடைத்தது. 14ஆம் நூற்றாண்டில் மாதவர் பல தத்துவங்களையும் தொகுத்த சர்வதரிசன சங்கிரகம் என்ற நூல் அவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது. இன்னொரு வேடிக்கை, வேதத்தை உயிராக மதித்த மீமாம்சை என்ற தத்துவப் பள்ளியைச் சேர்ந்த குமாரில பட்டர், உலகைப் படைத்தவன் ஒருவன் இருக்கிறான் என்பதை எதிர்த்து வாதாடியவர். சமணமும் பௌத்தமும் படைப்புக் கடவுளை ஏற்காதவை. ஆகவே கடவுளை நம்பாதவர், மதத்தை விட்டவர், வேதத்தை ஏற்காதவர் மூவரும் எப்போதும் ஒரே ஆளாக இருந்ததில்லை.

கேள்வி: பிரபஞ்சம் தொடங்கிய பெருவெடிப்புக்கு முன்னால் என்ன இருந்தது? ஏதாவது ஒன்று அதைத் தொடங்கியிருக்க வேண்டாமா?

எனக்குத் தெரியாது. இயற்பியலாளர்களும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ‘தெரியாது’ என்ற இடத்தில் கடவுளை வைத்தால் கேள்வி தீராது, அவர் எங்கிருந்து வந்தார் என்று ஒரு படி தள்ளிப்போகும்.

இதை எல்லாரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டவர் ஒரு பாதிரியார். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927ல் எழுதியவரும், அது ஒரே அணுவிலிருந்து தொடங்கியது என்று 1931ல் முன்வைத்தவரும் கத்தோலிக்கப் பாதிரியாரான ஜார்ஜ் லெமாய்த்ரு. 1951ல் போப் பன்னிரண்டாம் பயஸ், இந்த அறிவியல் படைப்பை உறுதிசெய்கிறது என்ற பொருளில் பேசியபோது லெமாய்த்ருவுக்கே அது பிடிக்கவில்லை. தன் கோட்பாடு மதத்துக்கு ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை என்பது அவர் நிலை. நாத்திகர்களும் அதை அப்படியே விட்டுவிடலாம்.

கேள்வி: அண்ணா, நான் வேண்டிக்கொண்ட பிறகுதான் என் தங்கை பிழைத்தாள். அதற்கு என்ன சொல்வீர்கள்?

தங்கை பிழைத்ததில் மனதார மகிழ்ச்சி. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், அவளிடம் போய் நான் இதைச் சொல்ல மாட்டேன்.

பழைய கிரேக்கத்தில் டயகோரஸ் என்று ஒருவர், கடவுளை மறுத்தவர் என்று பெயர் பெற்றவர். கடலில் தப்பியவர்கள் நேர்ந்துகொண்டு மாட்டிய படங்களை அவரிடம் காட்டி, இத்தனை பேரைத் தெய்வம் காப்பாற்றியிருக்கிறதே, இப்போது என்ன சொல்கிறாய் என்று கேட்டார்களாம். மூழ்கிப்போனவர்களின் படம் எங்கே என்று திருப்பிக் கேட்டாராம் அவர். கதையைச் சொன்னவர் ரோமின் சிசரோ. வேண்டிக்கொண்டும் தங்கையை இழந்தவர்கள் உங்களைப் போல எழுதி அனுப்புவதில்லை.

சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2006ல் வெளியான ஓர் ஆய்வில் இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். தங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கிறதா என்று தெரியாத இரண்டு குழுக்களில், பிரார்த்திக்கப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்கும் பிரார்த்திக்கப்படாதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் அறுவைக்குப் பிறகு சிக்கல்கள் வந்தன. நிச்சயம் பிரார்த்திக்கிறார்கள் என்று சொல்லப்பட்ட மூன்றாவது குழுவில் 59 சதவீதம். இதை வைத்துக் கடவுள் இல்லை என்று யாராவது ஆடினால் நம்ப வேண்டாம், அப்படிச் சொல்ல இந்த ஆய்வு போதாது. முகம் தெரியாதவர்கள் செய்த பிரார்த்தனையால் இந்த நோயாளிகளுக்குப் பலன் தெரியவில்லை, அவ்வளவுதான் அதிலிருந்து சொல்ல முடியும்.

கேள்வி: கடவுள் பயம் இல்லாவிட்டால் மனிதன் எதற்கு ஒழுங்காக இருக்க வேண்டும்? ரஷ்யாவின் ஜோசப் ஸ்டாலின் நாத்திகர்தானே?

ஆமாம், நாத்திகர்தான், அதை மழுப்ப நான் தயாரில்லை. 1967ல் அல்பேனியா மதத்தையே தடை செய்தது, வழிபாட்டு இடங்களை மூடியது, குருமார்களைச் சிறையில் போட்டது. அது அக்கிரமம். கடவுளை நம்பாமல் இருப்பது ஒருவரை நல்லவராக்கும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, நம்புவதும் ஆக்காது என்பதற்கு வரலாறு முழுக்கச் சாட்சி கிடக்கிறது.

முதல் பாதிக்கு வருகிறேன். சாக்ரடீஸ் கேட்டதாகப் பிளேட்டோ எழுதிய பழைய கேள்வி இது: நல்லது என்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா, அவை விரும்புவதால் அது நல்லதாகிறதா? இரண்டாவது சரியென்றால், நாளை கொலை செய்யச் சொன்னால் கொலையும் நல்லதாகிவிடும். அது கூடாது என்று உங்களுக்கு உடனே தோன்றுகிறது இல்லையா, அப்படியென்றால் நல்லது கெட்டதை அளக்கும் கோல் ஒன்று ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது, அதை வைத்துத்தான் வேதத்தையும் படிக்கிறீர்கள். என்னிடம் இருப்பதும் அதே கோல்தான். அடிபட்டால் வலிக்கும் என்று தெரியும், அடுத்தவருக்கும் வலிக்கும் என்று தெரியும், அவரோடு சேர்ந்துதான் வாழ வேண்டும். அப்புறம் ஒன்று, பயம் போனால் நாளையே திருடுவேன் கொல்வேன் என்று யாராவது உண்மையிலேயே சொன்னால், அவர் தயவுசெய்து கும்பிட்டுக்கொண்டே இருக்கட்டும்.

கேள்வி: அப்பா இறந்து ஆறு மாதம் ஆகிறது. எனக்கு நம்பிக்கை போய் வருடங்கள் ஆகின்றன. எல்லாரும் ‘அவர் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்’ என்கிறார்கள். எனக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை. நீங்கள் எப்படிச் சமாளிப்பீர்கள்?

இதற்கு நல்ல பதில் என்னிடம் இல்லை தம்பி, இருப்பதைச் சொல்கிறேன். ‘மறுபடி பார்ப்போம்’ என்ற ஆறுதல் பெரிய ஆறுதல், நம்பிக்கை போகும்போது அதுவும் கூடவே போய்விடும், அதற்கு ஈடாக வைக்க எதுவும் கிடையாது. இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவர் இன்னும் யாரையும் இழக்கவில்லை என்று அர்த்தம்.

ஆனால் ஒரு பாரமும் இறங்குகிறது. ஏன் அவரை எடுத்துக்கொண்டார், நான் என்ன பாவம் செய்தேன் என்று இரவெல்லாம் கேட்க வேண்டியதில்லை. உடம்பு கெட்டது, இறந்தார். அவர் இப்போது எங்கேயும் கஷ்டப்படவில்லை. தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1776ல் சாகக் கிடந்தபோது, கடைசி நேரத்திலாவது பயந்து மாறுவாரா என்று பார்க்க எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல் போனார். பிறப்பதற்கு முன் நான் இல்லாமல் இருந்தது எனக்கு வருத்தம் தரவில்லை, இனி இல்லாமல் போவதும் அப்படித்தான் என்று ஹியூம் அமைதியாகச் சொல்ல, பாஸ்வெல்தான் கலங்கிப்போனார். இது போகிறவருக்கு உதவுகிற தத்துவம், இருக்கிறவருக்குக் கொஞ்சம்தான் உதவும். இருக்கிறவருக்கு உதவுவது அவரைத் தெரிந்தவர்களோடு உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசுவது. மேலே இருந்து பார்க்கிறார் என்று சொல்கிறவர்களைத் திருத்தப் போகாதீர்கள், அவர்களும் உங்கள் அப்பாவுக்காகத்தான் அழுகிறார்கள். அம்மாவுக்காகச் சடங்கில் நிற்க நேர்ந்தால் நில்லுங்கள். அது பொய் ஆகிவிடாது.

கேள்வி: வீட்டில் எப்படிச் சொல்வது? சொல்லித்தான் ஆக வேண்டுமா?

ஆக வேண்டியதில்லை. சாப்பாடு, படிப்பு, தங்குமிடம் எல்லாம் அவர்கள் கையில் இருக்கும்போது, அவர்கள் கோபத்தில் கதவைச் சாத்துகிறவர்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், காத்திருங்கள், அது கோழைத்தனம் கிடையாது. மதத்தை விட்டால் மரண தண்டனை என்று சட்டமே வைத்திருக்கும் நாடுகள் இன்றும் இருக்கின்றன, அங்கே இருப்பவர்களிடம் ‘தைரியமாகச் சொல்’ என்று பாதுகாப்பான இடத்தில் இருந்து நான் எழுதினால் அது அயோக்கியத்தனம்.

சொல்லலாம் என்று முடிவெடுத்தால் சண்டைக்கு நடுவே சொல்லாதீர்கள். வாதமும் வேண்டாம், நீங்கள் நாலு வருடம் யோசித்து வந்த இடத்துக்கு அவர்கள் நாலு நிமிடத்தில் வர மாட்டார்கள். அவர்கள் மனதில் அப்போது ஓடுவது பெரும்பாலும் தத்துவமே இல்லை: இவன் நம்மை விட்டுப் போகிறானா, நாம் வளர்த்தது தப்பா, நாளைக்கு நமக்கு யார் செய்வார்கள்? அதற்குப் பதில் சொல்லுங்கள். எது மாறவில்லை என்பதைச் சொல்லுங்கள்.

கேள்வி: இருந்துவிட்டால்? நம்பிவைப்பதில் என்ன நஷ்டம்?

இது பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞரின் பந்தயம், 17ஆம் நூற்றாண்டுச் சரக்கு. எந்த மதத்தின் கடவுள் மேல் பணம் கட்டுவது என்று அது சொல்லாது. தவிர, லாப நஷ்டம் பார்த்துக் கும்பிட்டதை எல்லாம் அறிந்தவரால் கண்டுபிடிக்க முடியாதா?

கேள்வி: கோர்ட்டில் சத்தியம் எப்படிச் செய்வீர்கள்?

உளமார உறுதி கூறுகிறேன் என்றால் போதும், பல நாடுகளில் சட்டமே இடம் தருகிறது. சும்மா வரவில்லை அது. பிரிட்டனில் சார்லஸ் பிராட்லா 1880ல் தேர்தலில் ஜெயித்தார், நாத்திகர் என்பதால் நாடாளுமன்றத்தில் உட்காரவிடவில்லை, மறுபடி மறுபடி இடைத்தேர்தலில் நின்று ஜெயித்து 1886ல்தான் உட்கார்ந்தார். கடவுள் பெயர் இல்லாமல் உறுதிமொழி எடுக்கலாம் என்ற சட்டம் 1888ல் வந்தது.

கேள்வி: கால் இடறினால் ‘கடவுளே’ என்று வருமா வராதா, உண்மையைச் சொல்லுங்கள்.

வரும். ‘அம்மா’ என்றும் வரும், அம்மா பக்கத்தில் இல்லாதபோதும்.

கேள்வி: எது நடந்தால் நீங்கள் மாறுவீர்கள்?

கடல் தாண்டி, ஒன்றையொன்று கேள்விப்படாத இரண்டு சமூகங்கள், ஒரே கடவுளை, ஒரே பெயரில், ஒரே கட்டளைகளோடு தனித்தனியாக அறிந்திருந்தார்கள் என்று காட்டினால் என் நிலை ஆட்டம் கண்டுவிடும். இதுவரை எனக்குத் தெரிந்த ஒவ்வொரு மதமும் ஆள் போன வழியில்தான் போயிருக்கிறது, கப்பல் போகாத கரைக்கு எந்த வேதமும் தானாகப் போய்ச் சேரவில்லை. அப்படி ஒன்று கிடைத்தால் அனுப்புங்கள், நிஜமாகவே படிப்பேன்.