வாசகர் கேள்வி: உள்ள என்ன ஓடுதுன்னு தெரியுற கம்ப்யூட்டர்

கேள்வி: அண்ணே, சிங்கப்பூர் சிம் லிம் ஸ்கொயர்ல பார்ட்ஸ் வாங்கி டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணப் போறேன். விண்டோஸ் வேணாம், உள்ள என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியணும். எதைப் பாத்து வாங்கறது? - யீஷூன் வாசகர்

பதில்: நல்ல ஆசை தம்பி. லினக்ஸ் போடுறது ஈஸி, சிக்கலே அதுக்குக் கீழதான். இப்ப வர்ற இன்டெல் பிசில மேனேஜ்மென்ட் எஞ்சின்னு ஒண்ணு, ஏஎம்டி பிசில பிஎஸ்பின்னு ஒண்ணு, ரெண்டும் சிப்புக்குள்ள இருக்குற குட்டி கம்ப்யூட்டர் மாதிரி, நீங்க எந்த சிஸ்டம் போட்டாலும் அது பாட்டுக்குத் தனியா ஓடும், சோர்ஸ் கோட், அதாவது அதை எப்படி எழுதியிருக்காங்கன்னு நாம படிச்சுப் பாக்குற வடிவம், வெளிய கிடையாது, முழுசா தூக்கவும் முடியாது. அதனால மதர்போர்டை முதல்ல முடிவு பண்ணுங்க. எம்எஸ்ஐ ப்ரோ இசட்690-ஏ போர்டுக்கு டஷாரோன்னு ஒரு ஃபர்ம்வேர் (ஹார்ட்வேருக்குள்ளயே இருக்குற அடிப்படை சாஃப்ட்வேர்) இருக்கு, கோர்பூட்ங்கிற ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேரை வச்சு செஞ்சது, இன்டெல்லோட சோர்ஸ் இல்லாத பைனரி கொஞ்சம் உள்ள இருக்கத்தான் செய்யும், என்னைக் கேட்டா நமக்கு அது போதும். அதுவும் கூடாதுன்னா ஐபிஎம்மோட பவர்9 சிப் போட்ட டேலோஸ் 2 போர்டு, ஃபர்ம்வேர் சோர்ஸ் திறந்தே கிடக்கு, ஆனா விலை எக்கச்சக்கம், சிப் வேற வகைங்கறதால சாதாரண பிசி கேம்ஸ் எல்லாம் நேரா ஓடாது.

வைஃபைக்கு ஏதெரோஸ் ஏஆர்9271 சிப் உள்ள யூஎஸ்பி வாங்குங்க, அதோட ஃபர்ம்வேரும் ஓப்பன். பெட்டியைத் திருப்பி ஸ்டிக்கரைப் படிக்காம காசு கொடுக்காதீங்க! டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் வெர்ஷன் 1ல அந்தச் சிப், வெர்ஷன் 2ல ரியல்டெக், மாடல் பேரு மட்டும் அதேதான்.

லினக்ஸ்ல டெபியன்னு ஒரு வகை இருக்கு, அதுல வெர்ஷன் 12லேர்ந்து இன்ஸ்டாலரே மூடின ஃபர்ம்வேரையும் சேர்த்துப் போட்டுடும், வேணாம்னா பூட் பண்ணும்போதே நிறுத்திடலாம்.