ஐ.சி.யூ. கதவில் மஞ்சள் அட்டை: கிருமி வீட்டுக்கு வருமா?

சேட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பைபாஸ் முடிந்து அவருடைய மாமனார் பதினோரு நாளாக டர்பனில் ஐ.சி.யூ.வில் இருக்கிறார். போன வாரம் ஆசனவாயில் பஞ்சுக்குச்சி வைத்துப் பரிசோதனைக்கு எடுத்தார்கள். இரண்டு நாளில் தனி அறைக்கு மாற்றி, கதவில் மஞ்சள் அட்டை மாட்டிவிட்டார்கள். ஏப்ரனும் கையுறையும் போடாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை. "சி.ஆர்.இ. பாசிட்டிவ்" என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது. "வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. அவரைப் பார்த்துவிட்டு வந்து குழந்தையைத் தூக்கலாமா? அவர் திரும்பி வருவதற்குள் வீடு முழுக்கப் புகை மருந்து அடித்துத் தருகிறேன் என்று ஒருவர் 6,000 ராண்ட் கேட்கிறார், கொடுக்கலாமா?"

கையைக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தாராளமாகத் தூக்குங்கள். அந்த 6,000 ராண்டைக் கொடுக்காதீர்கள்.

சி.ஆர்.இ. ஏதோ புதுக் கிருமி இல்லை. குடலில் சாதாரணமாக வாழும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா மாதிரியான பாக்டீரியாக்கள்தான். வேறு மருந்துகள் தோற்றபின் டாக்டர்கள் கையில் எடுக்கும் கார்பபெனெம் மருந்துக்கும் இவை அடங்குவதில்லை. பஞ்சுக்குச்சியில் பாசிட்டிவ் என்றால், உங்கள் மாமனாரின் குடலில் இது குடியிருக்கிறது என்று அர்த்தம். அதனால் அவருக்குக் காய்ச்சலோ சீழோ இல்லையென்றால் அதற்கு மருந்து தேவையில்லை. "ஏன் ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லை?" என்று டாக்டரை நெருக்காதீர்கள். கொடுத்தால் நல்ல கிருமிகள் சாகும், இது மட்டும் கொழிக்கும்.

அப்படியானால் இத்தனை காவல் எதற்கு? ஐ.சி.யூ.வில் படுத்திருப்பவருக்குக் கழுத்து நரம்பில் ஒரு குழாய், சிறுநீருக்கு ஒன்று, மூச்சுக்கு ஒன்று. தோல் மூடி வைத்திருந்த கதவுகளை நாமே திறந்து வைத்திருக்கிறோம். குடலில் சும்மா கிடந்தது அந்த வழியாக ரத்தத்துக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஆரோக்கியமான குழந்தையின் உடம்பில் அந்தக் கதவுகள் இல்லை.

இந்தக் கிருமி பெரும்பாலும் கையில்தான் பயணம் செய்கிறது. ஒரு நர்ஸ் போர்வையைச் சரிசெய்கிறார், அலாரம் அடிக்கிறது, வென்டிலேட்டர் திரையைத் தொட்டு நிறுத்துகிறார், அதே கையால் கழுத்துக் குழாயின் மூடியைத் திறக்கிறார். மொத்தம் பத்து வினாடி. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இரவுப் பணிக்கு ஆள் போதாமல், வார்டைப் பார்த்தே இராத ஏஜென்சி நர்ஸை நிறுத்துகிறார்கள், சுவரில் ஜெல் பாட்டில் காலியாகத் தொங்குகிறது. இருபது வருடத்துக்கு மேலாகத் தொற்றுத் தடுப்பு சிஸ்டராக இருக்கிறேன். காலி பாட்டிலைப் பற்றி நான் எழுதிக்கொடுத்த மெமோக்களை அடுக்கினால் ஒரு அலமாரி நிறையும்.

2020 மார்ச், ஏப்ரலில் டர்பனில் ஒரு தனியார் மருத்துவமனையில் கொரோனா பரவியது நினைவிருக்கும். 39 நோயாளிகள், 80 ஊழியர்கள், அதில் 15 நோயாளிகள் இறந்துபோனார்கள். விசாரித்தவர்கள் பெரும்பாலும் கை காட்டியது ஊழியர்கள் வழியாகப் போன தொற்றையும், பலர் தொட்ட கருவிகளையும், நோயாளிகளை வார்டு வார்டாக மாற்றியதையும்தான். அது வைரஸ், இது பாக்டீரியா. ஆனால் போகிற பாதை கிட்டத்தட்ட அதே பாதை.

பார்க்கப் போகும் நம் ஆட்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இது. வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். ஜெல்லை இருபது முதல் முப்பது வினாடி தேயுங்கள்; எல்லாரும் விடுவது கட்டைவிரலையும் நகநுனியையும். கையுறை போட்டுக்கொண்டு போனை எடுத்துப் பேசினால் கையுறை போட்டதே வீண். வெளியே வரும்போது ஏப்ரனையும் கையுறையையும் அறையிலேயே கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி ஜெல். கோயில் விபூதியைக் கொண்டுபோய் நெற்றியில் இடும்போது தூள் கழுத்துக் குழாயின் ஒட்டுமேல் உதிர்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மணிக்கட்டில் கட்டிய காப்புக்கயிறு நாள் கணக்கில் ஈரமாகவே கிடக்கும். சாமி கோபித்துக்கொள்ளாது, வீட்டுப் பூஜை அறையில் வைத்துக் கும்பிடுங்கள். அப்புறம், அறையில் உள்ள கை கழுவும் தொட்டியில் மீதித் தேநீரை ஊற்றாதீர்கள், டிஃபன் பாக்ஸ் அலம்பாதீர்கள். வடிகாலில் அந்தச் சர்க்கரையும் பாலும் கிருமிக்குச் சாப்பாடு. குழாயைத் திறந்தால் அது மேலே தெறிக்கும்.

சரி, புகை மருந்துக்காரர். கிருமி இருப்பது உங்கள் மாமனாரின் குடலில், உங்கள் வீட்டுக் காற்றில் இல்லை. புகை போட்ட மறுநாள் அவர் கழிப்பறைக்குப் போய்விட்டுக் கை கழுவாமல் கதவுக் கைப்பிடியைத் தொட்டால் போட்ட காசு போச்சு. இவருக்கு அடுத்து 'எதிர்ப்புச் சக்தி டிரிப்' விற்பவர் வருவார். நரம்பில் இன்னொரு ஊசி என்றால் இன்னொரு திறந்த கதவு, அதற்கும் நீங்களே பணம் கட்டுகிறீர்கள். மூன்றாவது ஆள், "அட்டையைப் பற்றிப் பேசாமல் வேறு மருத்துவமனையில் இடம் வாங்கித் தருகிறேன்" என்பார். அவர்தான் மூவரில் ஆபத்தானவர். ஒரு முறை அப்படி மறைத்து வந்த ஒருவரைப் பொது வார்டில் படுக்க வைத்தோம். அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கும் பாசிட்டிவ் வந்த பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது.

அவர் வீடு வந்தபின் பாத்திரம், துணி எல்லாம் வழக்கம்போலக் கழுவினால் போதும். துண்டு மட்டும் தனி. கழிப்பறைக்குப் போய் வந்தபிறகும் சாப்பாட்டைத் தொடுமுன்னும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கழிப்பறையைத் துடைக்க ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி ஜிக் (ப்ளீச்) போதும், ஆறு டீஸ்பூன். அதோடு வினிகரோ வேறு துப்புரவுத் திரவமோ கலக்கக் கூடாது, விஷவாயு வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் மேலே சொன்ன ஜெல்லை நம்பாதீர்கள். வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் ஓடிய உடம்பில் சி.டிஃப் என்ற வேறொரு கிருமி தலைதூக்கலாம். ஒரே நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால் அதைச் சந்தேகியுங்கள். அது விதை மாதிரி ஓடு போட்டுக்கொள்ளும், ஆல்கஹால் அந்த ஓட்டைத் துளைக்காது. எத்தனை ஜெல் தேய்த்தாலும் அது கையில் அப்படியே இருக்கும். சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் அதைக் கழுவித் தள்ளும், நாற்பது முதல் அறுபது வினாடி. கடையில் இமோடியம் வாங்கி வயிற்றை அடைக்காதீர்கள், டாக்டரிடம் போங்கள். மருந்து நின்று பல வாரம் கழித்தும் இது வரலாம், அதனால் 'ஆஸ்பத்திரி முடிந்துவிட்டது' என்று விட்டுவிடாதீர்கள். பதறிப்போய் வருபவர்களில் பாதிப்பேர் கையில் ஜெல் பாட்டிலோடுதான் வருகிறார்கள்.

குடலிலிருந்து சி.ஆர்.இ. போக மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவே டிஸ்சார்ஜ் கடிதத்தில் அந்த மூன்று எழுத்தும் இருந்தாக வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 2003-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதாரச் சட்டம், பத்தாவது பிரிவு, வீடு போகும்போது டிஸ்சார்ஜ் அறிக்கை கொடுக்க வேண்டும் என்கிறது. கொடுப்பார்கள், இதய ஆபரேஷனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவார்கள், கிருமியைப் பற்றி ஒரு வரி இருக்காது. நாளை போகும்போது அந்த வார்டின் தொற்றுத் தடுப்பு சிஸ்டரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, அவரிடம் பேசுங்கள். பஞ்சுக்குச்சிப் பரிசோதனை முடிவின் நகல் ஒன்றையும் வாங்கி, அவருடைய மாத்திரைப் பையிலேயே வைத்துவிடுங்கள்.